அட்டையைப் படித்துவிட்டால் கண் சரி என்று அர்த்தமில்லை

"பள்ளிக் கண் பரிசோதனையில் தேறிய பிள்ளைக்குக் கண் டாக்டரே தேவையில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. பள்ளியில் நடப்பது முதல் கட்ட வடிகட்டல்தான். வழக்கமாக 6 மீட்டர் தூரத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வார்கள். கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். தூரப்பார்வை (கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கச் சிரமப்படுவது) உள்ள பிள்ளையோ, கண் தசையை இறுக்கி அட்டையைத் தெளிவாகவே படித்துவிடலாம். அப்புறம் புத்தகத்தைத் திறந்து கொஞ்ச நேரத்தில் தலைவலி, வரி தாவுதல், கண்ணைக் கசக்குதல். நாம் அதற்கு வைக்கும் பெயர் 'கவனக்குறைவு'! இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே படிக்கவிட்டால் சோம்பேறிக் கண்ணும் (பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் பார்வை சரியாக வளராத குறை) தப்பிவிடும். அதற்குச் சிகிச்சை சிறு வயதில் தொடங்கினால்தான் பலன் அதிகம். பள்ளிப் பரிசோதனை வீண் என்று சொல்லவில்லை. இந்த அறிகுறிகள் இருந்தால், தேறியிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.