ஒரே படம் நடிச்ச மாப்பிள்ளை

(சலூன். ஞாயிறு காலை. நாற்காலியில் ரவி. கையில் கத்திரியோடு முருகேசன்.)

ரவி: அண்ணே, பழைய ஜேம்ஸ் பாண்ட் படமெல்லாம் வரிசையா பார்த்துட்டு வர்றேன். அஞ்சு முடிஞ்சுது. ஆறாவதை விட்டுட்டு ஏழுக்குத் தாவிடலாம்னு இருக்கேன்.

முருகேசன்: தலையை ஆட்டாத. ஆறாவது எது?

ரவி: 1969ல வந்தது. ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’. அதுல, முதல் அஞ்சுலயும் பாண்டா நடிச்ச ஷான் கானரி இல்லையே. யாரோ ஜார்ஜ் லேசன்பியாம்.

முருகேசன்: (கத்திரியைக் கீழே வைத்துவிட்டு) முடி வெட்டிக்கிட்டே வேலை வாங்கினவனை யாரோங்கறே? வேற சலூன் பார்த்துக்க.

ரவி: ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கீங்க, இப்படியே நான் எங்க போறது? சரி, யாருண்ணே அவரு?

முருகேசன்: ஆஸ்திரேலியாக்காரன். அங்க கார் வித்துக்கிட்டு இருந்தான். லண்டன் வந்து மாடலிங். ஒரு சாக்லேட் விளம்பரத்துல தோள்ல பெட்டியைத் தூக்கிட்டு வருவான். நடிப்பு அவ்வளவுதான். பாண்டுக்குப் புது ஆள் தேடறாங்கன்னதும், நேரா கானரிக்கு முடி வெட்டறவர்கிட்டப் போய் அதே வெட்டு வெட்டிக்கிட்டான். கானரியோட டெய்லர்கிட்ட, ஆர்டர் கொடுத்துட்டு அவர் வாங்காமப் போன சூட் ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு. அதை வாங்கி மாட்டினான். கையில ஒரு ரோலக்ஸ். அப்படியே தயாரிப்பாளர் ஆபீஸ்ல போய் நின்னான்.

ரவி: இது மாறுவேஷப் போட்டி மாதிரியில்ல இருக்கு!

முருகேசன்: முன்னாடி எங்க நடிச்சேன்னு கேட்டாங்க. வெளிநாட்டுல நிறையன்னு அளந்து விட்டான். அப்புறம் டைரக்டர் பீட்டர் ஹண்ட்கிட்ட மட்டும் ஒண்ணுமே நடிச்சதில்லன்னு உண்மையைக் கக்கிட்டான். அவர் விழுந்து விழுந்து சிரிச்சாராம். ரெண்டு தயாரிப்பாளரையும் ஏமாத்திட்டியே, இதைவிட என்ன நடிப்பு வேணும்னுட்டார்.

ரவி: ஸ்கிரீன் டெஸ்ட்ல மாட்டியிருப்பானே?

முருகேசன்: டெஸ்டுக்கு ஒரு சண்டை வெச்சாங்க. எதிர்ல நின்னவர் மல்யுத்தக்காரர். இவன் கை பட்டு அவர் மூக்கு உடைஞ்சு போச்சு. அதைப் பார்த்துத்தான் சம்மதிச்சாங்க. மூக்கு உடைஞ்சவருக்கும் வில்லன் கூட்டத்துல ஒரு வேஷம் கொடுத்துட்டாங்க. நஷ்டஈடுன்னு வெச்சுக்கோயேன்.

ரவி: ஆனா நடுவுல தூக்கம் வருதுங்கறாங்களே?

முருகேசன்: அதுல உண்மை இருக்கு. காரணம் அவன் இல்ல. படம் மொத்தம் 142 நிமிஷம். நடுவுல பாண்ட், சர் ஹிலரி பிரேன்னு வம்சாவளி ஆராயற அதிகாரி வேஷத்துல வில்லனோட மலைக்குப் போறான். ஸ்காட்லாந்துப் பாவாடை, கண்ணாடி எல்லாம் உண்டு. அந்த வேஷத்துல இருக்கற வரைக்கும் குரல் லேசன்பியோடது இல்ல. நிஜ ஹிலரியா வர்ற ஜார்ஜ் பேக்கர் பேசினது. கதைப்படி நியாயம்தான், இன்னொருத்தனா நடிக்கறப்போ குரலும் மாறணும். ஆனா ஜனங்க புது ஆளோட பழக வேண்டிய நேரமே அதுதானே? பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை வாயே திறக்காம, எல்லாத்துக்கும் அவன் அண்ணனே பதில் சொல்லிட்டிருந்தா பொண்ணுக்கு எப்படிப் பிடிக்கும்?

ரவி: இருங்க. வில்லன் பிளோஃபெல்டுதானே? அஞ்சாவது படத்துல ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்தாச்சே! இதுல எப்படி அடையாளம் தெரியாமப் போகும்?

முருகேசன்: சரியான இடத்துல பிடிச்சே. நாவல்ல இந்தக் கதை 1963, நீ பார்த்த அஞ்சாவது படத்தோட கதை 1964. படமா எடுக்கும்போது முன்னே பின்னே ஆயிடுச்சு. ஹண்ட் நாவலை அப்படியே எடுக்கறதுன்னு பிடிவாதமா இருந்தார். அதனால முதல் தடவை சந்திக்கற மாதிரியே பேசிக்கறாங்க.

ரவி: அதுக்கு ஏதாவது காரணம் சொல்லிச் சமாளிச்சிருப்பாங்களே?

முருகேசன்: ஒண்ணும் சொல்லல. வில்லனும் ஆள் மாறிட்டார். அதுல டொனால்ட் பிளெசன்ஸ், மூஞ்சி நெடுக வெட்டுத் தழும்பு. இதுல டெல்லி சவலாஸ், தழும்பு கிடையாது, பதிலுக்குக் காது மடல் கிடையாது.

ரவி: ஒத்துமையே இல்லையா?

முருகேசன்: ரெண்டு பேருக்கும் தலையில ஒத்தை முடி இல்ல. தொழிலுக்கு உதவாத ஜென்மங்க. ம், குனி, பின்கழுத்துல லைன் எடுக்கறேன்.

ரவி: சண்டை எப்படிண்ணே?

முருகேசன்: ஹண்ட் இந்த வரிசையோட முதல் படத்துல இருந்து எடிட்டிங் மேஜையில இருந்த ஆள். டைரக்டரா இதுதான் முதல் படம். கை ஓங்குறது இருக்கும், ஆள் விழறது இருக்கும், நடுவுல நாலு ஃபிரேமைக் கத்தரிச்சிருப்பாங்க. அடி விழுந்த சத்தத்தை மட்டும் பெருசா வெப்பாங்க. கண்ணு மீதியை நிரப்பிக்கும். அளவு மிஞ்சினா யார் யாரை அடிக்கறாங்கன்னே புரியாது. ஆரம்பத்துல போர்ச்சுகல் கடற்கரையில வர்ற சண்டை அப்படிக் கொஞ்சம் குழப்பும். லேசன்பி நல்லா அடிக்கறான், கத்திரிதான் அதிகமாயிடுச்சு.

ரவி: கத்திரியைப் பத்திப் பேசிட்டே காது பக்கம் வராதீங்க. பனிச்சறுக்குத் துரத்தல்?

முருகேசன்: அதுக்குத்தான் படத்தையே பார்க்கணும். வில்லி போக்னர்னு ஜெர்மன் பனிச்சறுக்கு வீரர். கையில கேமராவைப் பிடிச்சுக்கிட்டு, சறுக்கறவங்களுக்கு முன்னாடி, பின்பக்கமாவே சறுக்கிட்டுப் போய் எடுத்தார். மேல இருந்து எடுத்தவர் ஜானி ஜோர்டன். ஹெலிகாப்டருக்குக் கீழே பெல்ட்டுல தொங்கிட்டே எடுத்தார். உள்ளே உட்கார்ந்து எடுத்தா ஹெலிகாப்டரோட கால் ஃபிரேமுக்குள்ள வந்துரும். கீழே தொங்கினா நாலு பக்கமும் திருப்பலாம். முந்தின படத்து ஷூட்டிங்ல ஹெலிகாப்டர் இறக்கை வெட்டி ஒரு பாதம் போன மனுஷன் அவர்.

ரவி: அப்புறமும் தொங்கினாரா? எனக்கு ராட்டினமே ஆகாது.

முருகேசன்: இதுக்கு முன்னாடி ஒரு சீன். கேபிள் காரை இழுக்கற சக்கர அறையில பாண்டை அடைச்சு வெப்பாங்க. சக்கரம் சுத்துது, கம்பி உள்ளே வருது, வெளியே போகுது, ஒரே பனி. பேன்ட் பாக்கெட்டு ரெண்டையும் உருவிக் கிழிச்சு, கையில உறையா மாட்டிக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுத் தொங்கி வெளியே வருவான். அந்த நேரம் பார்த்து எதிர்ல கேபிள் கார் வருது. பொம்மைத் துப்பாக்கி, பேனா வெடிகுண்டு ஒண்ணும் கிடையாது. பாக்கெட்டுத் துணிதான்.

ரவி: அந்த மலை செட்டா?

முருகேசன்: நிஜம். சுவிட்சர்லாந்துல ஷில்ட்ஹார்ன், 2,970 மீட்டர். உச்சியில சுத்தற ஓட்டல் கட்டி முடிக்காமக் கிடந்துச்சு. சினிமாக்காரங்க உள் வேலைக்குப் பணம் போட்டு, ஹெலிகாப்டர் இறங்க மேடையும் கட்டினாங்க. கதையில வந்த பிட்ஸ் குளோரியாங்கற பேர்தான் இன்னிக்கும் அந்த ஓட்டலுக்கு.

ரவி: இவ்வளவும் இருந்தும் ஏன் ஒரே படத்தோட போயிட்டான்?

முருகேசன்: ஏழு படத்துக்கு ஒப்பந்தம் நீட்டினாங்க. அவனோட ஏஜென்ட், பாண்டெல்லாம் பழசு, ஹிப்பி காலம் வந்தாச்சுன்னு ஓதிட்டார். முதல் காட்சிக்கு லேசன்பி நீள முடியும் தாடியுமா வந்து நின்னான். பாண்ட் வேஷத்தை முடிவெட்டுல பிடிச்சவன், வெட்டாத தாடியில விட்டான். அதனாலதான் சொல்றேன், மாசத்துக்கு ஒரு தடவையாவது கடைக்கு வா.

ரவி: விளம்பரம் போதும்ணே. நடிப்பு தேறுமா, தேறாதா?

முருகேசன்: காதலுக்கு எதிர்ல டயானா ரிக் இருக்காங்க, பாதிப் பாரத்தை அவங்களே தூக்கிடறாங்க. கிண்டல் வசனம் இவனுக்கு வராது, சப்புன்னு இருக்கும். அது கானரி சொத்து. ஆனா கடைசி சீனைப் பாரு. கல்யாணம் முடிஞ்சு கார்ல போறாங்க. பிளோஃபெல்ட் கூட்டம் சுடுது. மனைவி மடியில செத்துக் கிடக்கறா. முதல் டேக்ல இவன் அழுதுட்டான். பாண்ட் அழமாட்டான், இன்னொண்ணு எடுன்னாராம் ஹண்ட். அழுகையை முழுங்கிக்கிட்டு பேசறதுதான் படத்துல இருக்கு. கானரி பண்ணியிருந்தா அங்கயும் ஒரு மிடுக்கு தெரிஞ்சிருக்கும். பழக்கமில்லாத ஆள் தடுமாறும்போது நிஜமாவே தடுமாறற மாதிரி இருக்கு.

ரவி: அண்ணே! முடிவைச் சொல்லிட்டீங்களே!

முருகேசன்: 1969 படத்துக்கு இன்னுமா சஸ்பென்ஸ்?

ரவி: அப்போ ஏழாவதுல பழி வாங்குவானா?

முருகேசன்: 1971ல கானரி திரும்பி வந்துட்டார். பிளோஃபெல்டைத் துரத்து துரத்துன்னு துரத்தறார். ஏன் துரத்தறார்னு மனைவி பேரைக் கூட எடுக்க மாட்டார். 1981 படத்துல ரோஜர் மூர் வந்து சமாதியில பூ வைக்கறார்.

ரவி: கல்யாணம் பண்ணினது ஒருத்தன், பூ வெச்சது இன்னொருத்தன். இன்சூரன்ஸ் பணத்தை யாருண்ணே வாங்கினது?

முருகேசன்: கானரிதான். திரும்பி வர்றதுக்கு 12.5 லட்சம் டாலர் சம்பளம்.