காற்றைக் குடித்து விண்வெளிக்குப் போக முடியுமா?

2024 அக்டோபர் 31. இங்கிலாந்தின் ரியாக்‌ஷன் என்ஜின்ஸ் கம்பெனி பணமில்லாமல் கைவிரித்த நாள். ஓடுதளத்தில் ஓடி ஏறி, எரிபொருளை எரிக்கத் தேவையான ஆக்சிஜனை முதலில் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டு, பிறகு ராக்கெட்டாக மாறி, ஒரே மூச்சில் சுற்றுப்பாதைக்குப் போகும் ‘ஸ்கைலான்’ விமானம் அவர்களுடைய முப்பது வருடக் கனவு. செய்தியைப் படித்ததும் நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த விமானத்தின் மேல் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. வருத்தமெல்லாம் அதன் குளிர்விப்பானுக்காகத்தான்.

மாக் 5 வேகத்தில், அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில், என்ஜினுக்குள் வரும் காற்று 1000 டிகிரிக்குச் சூடாகிவிடும். அதைத் தணிக்கத்தான் முடியைவிட மெல்லிய சுவர் கொண்ட ஆயிரக்கணக்கான குழாய்கள், அவற்றுக்குள் குளிர்ந்த ஹீலியம். 2019-ல் அமெரிக்காவின் கொலராடோவில், அவ்வளவு சூடான காற்றை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் தணித்துக் காட்டினார்கள். அதற்கு முன்பு 2012-ல், சாதாரணக் காற்றை மைனஸ் 150 டிகிரிக்கு இறக்கினார்கள். பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் பனி அப்பிக்கொள்ளுமே, அந்தத் தொல்லை இங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து குழாய்களை அடைத்துவிடும். அதையும் சமாளித்தார்கள்!

சரி, பிறகு ஏன் நம்பிக்கையில்லை? “காற்றில் ஆக்சிஜன் சும்மா கிடக்கிறது, எதற்குச் சுமக்க வேண்டும்” என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராக்கெட்டில் ஊற்றுவதிலேயே மலிவானது ஆக்சிஜன்தான். இடத்தையும் அடைக்காது. ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் 1,140 கிராம், திரவ ஹைட்ரஜனோ வெறும் 70 கிராம். ஆக்சிஜன் தொட்டியைச் சின்னதாக்கினாலும் ஹைட்ரஜன் தொட்டி பூதம் மாதிரி அப்படியே நிற்கும்.

அப்புறம் வேகக் கணக்கு. சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேண்டும். ஸ்கைலான் காற்றைக் குடிப்பது மாக் 5 வரைதான், அது நொடிக்கு ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆற்றலில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதிக்கு ராக்கெட்தான், கூடவே இறக்கையும் சக்கரமும் வெறும் பாரம். 2016 ஆகஸ்டில் இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்கிராம்ஜெட்டை (ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்றைக் குடித்து எரியும் என்ஜின்) மாக் 6-ல் 5 நொடி எரித்துக் காட்டியது. பெருமையான விஷயம்தான். ஆனால் அந்த வேகத்துக்கு அதைக் கொண்டுபோய்விட்டதே ஒரு ராக்கெட்.

என்னைக் கேட்டால், விமானம் பாதிவழி வரை தூக்கிக்கொண்டு போய் ராக்கெட்டை விட்டுவிட்டுத் திரும்பி வரட்டும். 1990-லேயே பி-52 விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கிப் போன பெகாசஸ் ராக்கெட் அப்படித்தான் சுற்றுப்பாதையை எட்டியது. பி-52 ஒலியைவிட மெதுவாகப் போவது, அதனால் வேகத்தில் பெரிய லாபமில்லை. அதே வேலையை மாக் 5-ல் செய்ய ஒரு தாய் விமானம் வேண்டும். அதற்குத்தான் அந்தக் குளிர்விப்பான் தேவைப்பட்டிருக்கும்.