செத்த கேமார்ட்டும் சாகாத கேமார்ட்டும்

ஊர்ல இருந்து வந்திருக்கிற சித்தி பையனை போன வாரம் இங்க மெல்பர்ன்ல கேமார்ட்டுங்கிற மலிவு விலை பெரிய கடைக்கு கூட்டிட்டுப் போனேன். உள்ள நுழைஞ்சதும் "அண்ணே, இது திவாலாகி மூடிட்டாங்கன்னு யூடியூப்ல பாத்தேனே"ங்கிறான். செத்தது அமெரிக்காக்காரன் கேமார்ட்டுடா தம்பின்னு ஆரம்பிச்சவன் பில் போடுற வரை நிறுத்தல, அவன் கொட்டாவி விட்டுட்டான், மிச்சத்தை உங்க தலையில கட்டுறேன்.

1899ல டெட்ராய்ட்ல எஸ்.எஸ். கிரெஸ்கின்னு ஒருத்தர் ஆரம்பிச்ச அஞ்சு சென்ட், பத்து சென்ட் கடைதான் இதுக்கு மூலம். அந்தக் கம்பெனி 1962 மார்ச்ல மிச்சிகன் கார்டன் சிட்டியில முதல் கேமார்ட்டை திறந்துச்சு. அதே வருஷம் மே மாசம் போட்டிக் கடையான டார்கெட், ஜூலையில இன்னொரு போட்டிக் கடையான வால்மார்ட். அந்த வருஷ முடிவுல கேமார்ட் கையில 18 கடை, வால்மார்ட் கையில ஒண்ணே ஒண்ணு! வால்மார்ட்டை ஆரம்பிச்ச சாம் வால்டனே கேமார்ட்டுக்குள்ள போய் சுத்திப் பாத்து கத்துக்கிட்ட ஆளு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கேமார்ட்டோட நீல லைட் தள்ளுபடி. 1965ல இண்டியானாவில ஒரு கிளையில தொடங்கினது. போலீஸ் கார் மேல சுத்துமே அந்த மாதிரி லைட்டை ஒரு கம்பத்துல மாட்டி, விக்காம கிடக்கிற சரக்கு பக்கத்துல உருட்டிட்டுப் போய் நிறுத்துவாங்க, மைக்ல அறிவிப்பு வரும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான் அந்த விலை, சனம் வண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடும். நம்ம ஊர்ல நடைபாதையில "போனா வராது"ன்னு கூவுறாங்களே, அதேதான், லைட் மட்டும் எக்ஸ்ட்ரா.

வால்மார்ட் அடிச்சதுல கேமார்ட் விழுந்துச்சுன்னு சொல்றதை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். வால்மார்ட்காரங்க 1987லயே எல்லா கடையையும் சாட்டிலைட்ல இணைச்சு எந்த ஊர்ல எது வித்துச்சுன்னு பாத்துட்டு இருந்தாங்க. கேமார்ட்காரங்க அந்தக் காலத்துல புக்கு கடை, ஸ்போர்ட்ஸ் கடை, ஆபீஸ் சாமான் கடைன்னு வேற வேற கம்பெனியா வாங்கிப் போட்டுட்டு இருந்தாங்க, சொந்தக் கடை கவனிப்பாரில்லாம பழசாகி நின்னுச்சு. 1990ல விற்பனையில வால்மார்ட் முந்திருச்சு, 2002 ஜனவரியில கேமார்ட் திவால். அப்புறம் எடி லாம்பர்ட்னு ஹெட்ஜ் ஃபண்ட்காரர் (பணக்காரங்க காசை முதலீடு பண்றவர்) கைக்கு வந்து, 2005ல சியர்ஸ்ங்கிற இன்னொரு பழைய அமெரிக்கக் கடைக் கம்பெனியோட சேத்து கட்டினாங்க. நீச்சல் தெரியாத ரெண்டு பேரை ஒரே கயித்துல கட்டி தண்ணியில விட்ட மாதிரி. 2018ல அதுவும் திவால். அமெரிக்க மெயின்லேண்ட்ல கடைசியா மிஞ்சின பெரிய கடை, நியூயார்க் பிரிட்ஜ்ஹாம்ப்டன்ல இருந்தது, 2024 அக்டோபர்ல மூடியாச்சு.

இங்க ஆஸ்திரேலியாவில கதையே வேற. 1969ல மெல்பர்ன் பர்வுட் ஈஸ்ட்ல கோல்ஸ்ங்கிற இந்த ஊர் கடைக் கம்பெனி கிரெஸ்கியோட கூட்டு சேந்து திறந்தது, பின்னாடி அமெரிக்க தொடர்பு அறுந்துருச்சு. 2007ல வெஸ்ஃபார்மர்ஸ்ங்கிற ஆஸ்திரேலியக் கம்பெனி கைக்கு வந்தப்ப இதுவும் இழுத்துக்கிட்டுதான் கிடந்துச்சு. மெக்டொனால்ட்ஸ்ல இருந்து வந்த கை ருஸ்ஸோ (Guy Russo)ங்கிறவர்தான் தூக்கி நிறுத்தினார்: பிராண்டு குப்பையைக் குறைச்சு, தள்ளுபடி சேல் கூத்தை விட்டுட்டு, எப்பவுமே குறைஞ்ச விலைன்னு போனாரு. நீல லைட்டுக்கு நேர் எதிர்!

நாங்க போன கிளையில பில் கவுண்டர் வாசல்ல இல்ல, நட்ட நடுவுல, தம்பி வழி தெரியாம ரெண்டு சுத்து சுத்தினான். கடைசியில ரெண்டு தலகாணி வாங்கிட்டான். சூட்கேஸ்ல எப்படி அடைக்கப் போறானோ.