சொந்தப் பையனுக்குச் சிவப்புக் கொடி

போன மாதம் கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வலுதூக்கும் போட்டி நடந்தது. மணமேடையில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்யும் ரேக், பந்தி நடக்கும் கூடத்தில் வார்ம்-அப். நடுவர் ஒருவர் வரவில்லை என்று கடைசி நேரத்தில் என்னைப் பிடித்துப் பக்கவாட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தீர்ப்பு சொல்ல விளக்கெல்லாம் இல்லை. கையில் தூக்கியது செல்லும் என்றால் காட்ட ஒரு வெள்ளைக் கொடி, செல்லாது என்றால் காட்ட ஒரு சிவப்புக் கொடி, அவ்வளவுதான். 74 கிலோ பிரிவில் என்னிடமே பயிற்சி எடுக்கும் பையன் வந்தான். ஸ்குவாட்டில் இரண்டாவது வாய்ப்பு, 170 கிலோ. இறங்கினான், எழுந்தான், பாரை ரேக்கில் வைத்தான். கூட்டம் விசில் அடித்தது. நான் சிவப்பைத் தூக்கினேன்.

மற்ற இருவரும் வெள்ளை. மூன்றில் இரண்டு வெள்ளை கிடைத்தால் தூக்கியது செல்லும். ஆக அவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை, தங்கமும் அவனுக்குத்தான். ஆனாலும் மதியம் சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் அவன் அப்பா எதிரில் வந்து நின்றார். "என்னா மாஸ்டர், யாரோ எவரோ ரெண்டு பேரு வெள்ளைய காட்டறாங்க, நீங்க போயி செவப்ப காட்டறீங்க. மாசா மாசம் பீஸ் கட்டறது இதுக்குத்தானா?" பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கையில் சாதம், வாயில் பதில் இல்லை. அன்றைக்குச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில், இந்த விளையாட்டு என்னவென்று என் பெரியம்மாவுக்கே இன்னும் பிடிபடவில்லை. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். இரண்டு தடவையும் பெரியம்மா போன் போட்டு, "உன் ஆட்டந்தானேடா, நீ ஏன் போகல?" என்று கேட்டார். அது பளுதூக்குதல். தலைக்கு மேலே தூக்குவது, ஒலிம்பிக்கில் இருப்பது. நாங்கள் செய்வது வலுதூக்குதல். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தூக்குவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) என்று மூன்று, ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு, மூன்றிலும் சிறந்ததைக் கூட்டினால் டோட்டல். ஒலிம்பிக்கில் எங்களுக்கு இடமில்லை. பாராலிம்பிக்கில் பெஞ்ச் பிரஸ் மட்டும் உண்டு. 2004இல் ஏதென்ஸில் ராஜிந்தர் சிங் ரஹேலு வெண்கலம் வாங்கியது அதில்தான். இதையெல்லாம் விளக்கினால் பெரியம்மா, "எதுவா இருந்தா என்ன, மூட்ட தூக்கறதுதானே" என்பார். பெரியப்பா முதுநகரில் காலமெல்லாம் மூட்டை தூக்கியவர் என்பதால் நான் மேலே வாதாடுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்குவாட்டில் சண்டை எல்லாம் ஆழத்தைப் பற்றித்தான். உட்காரும்போது தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழும் பாருங்கள், அந்த இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடக் கீழே போக வேண்டும். சமமாக நின்றால் போதாது. எதிரில் இருக்கும் தலைமை நடுவருக்கு இது சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும், அதுவும் அவர் கண் அந்த உயரத்துக்குத் தாழ்ந்திருந்தால். மண்டபத்தில் என் நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரிந்தது, பார் விழுந்தால் பிடிக்க நிற்கும் ஸ்பாட்டர் பையனின் முதுகு. நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தேன். மடிப்பு முழங்காலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது.

இரண்டு விரற்கடைதானே என்பார்கள். ஸ்குவாட்டின் கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. "180 போடுவேன் மாஸ்டர்" என்று என் ஜிம்முக்கு வருகிற பையனை முழுசாக இறக்கிப் பார்த்தால் 150, 155இல் வந்து நிற்பான். மிச்ச 25, 30 கிலோவை அவன் தூக்கவில்லை, அந்த இரண்டு விரற்கடை தூக்கியது.

2007இல் நானும் அப்படித்தான் இருந்தேன். 22 வயது, ஜூனியர், 67.5 கிலோ பிரிவு. (பிரிவுகளை 2011இல் மாற்றினார்கள், இப்போது 66, அடுத்தது 74.) அப்போதெல்லாம் ஸ்குவாட் என்றால், எழும்போது உந்தித் தள்ளும் இறுக்கமான சூட் போட்டுத்தான். சூட் இல்லாமல் தூக்கும் கிளாசிக் பிரிவுக்கு உலக சாம்பியன்ஷிப் வந்ததே 2013இல். ஒரு அண்ணனிடம் இரவல் வாங்கிய சூட்டில், உள்ளூர்ப் போட்டியில் 190 கிலோ தூக்கினேன். மூன்று வெள்ளை. பேப்பரில் தபால்தலை அளவுக்குப் படம் வந்தது, அம்மா அதை வெட்டி பீரோ கதவில் ஒட்டினார்.

அந்த 190ஐ நம்பி வடக்கே ஒரு பெரிய போட்டிக்குப் போனேன். இரண்டு ராத்திரி ரயில். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தை எடைக்குப் பயந்து கூட வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வெந்நீரை உறிஞ்சிக்கொண்டே போனேன். எடைபார்ப்பு போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் தொடங்கும். 67.3 காட்டியது. ஓபனர், அதாவது முதல் வாய்ப்புக்கான எடை, 185 என்று எழுதிக் கொடுத்தேன், ஊரில் 190 போட்டவன் ஆயிற்றே. ஒரு பக்கத்துக்கு 25 கிலோ சிவப்புத் தட்டு மூன்று, ஐந்து கிலோ ஒன்று, அப்புறம் தட்டு நழுவாமல் பிடிக்கும் காலர். எழுந்து நின்றபோது தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மூன்றும் சிவப்பு. பக்கத்து நடுவர் மொழி தெரியாமல் தன் தொடையைத் தட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டினார்.

எங்கள் விளையாட்டில் ஒரு தடவை எடுத்துப் பார்த்த எடையை அடுத்த வாய்ப்பில் குறைக்க முடியாது. கூட்டலாம், இல்லையென்றால் அதையே மறுபடி எடுக்கலாம். மறுபடி 185. இரண்டு சிவப்பு. மூன்றாவது தடவை நிஜமாகவே கீழே இறங்கினேன். அங்கே போய்த்தான் தெரிந்தது, அந்த ஆழத்தில் 185 கிலோ எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது என்பது. எழ முடியவில்லை, ஸ்பாட்டர்கள் பாரைப் பிடித்தார்கள். மூன்று வாய்ப்பும் போனால் டோட்டலில் இடமில்லை. இரண்டு ராத்திரி போன வழியிலேயே இரண்டு ராத்திரி திரும்பி வந்தேன்.

எனக்கு அந்த ஊர் நடுவர்கள் மேல் கோபம் வரவில்லை. கடலூரில் எனக்கு மூன்று வெள்ளை காட்டியவர்கள் மேல்தான் வந்தது. அவர்களில் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர். தங்கமான மனுஷன். பின்னாளில் கேட்டேன். "உன் மனசு உடையக் கூடாதுன்னுதான்டா" என்றார். என் மனசு அந்த ரயிலில் எத்தனை சுக்கலாக உடைந்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாருங்கள், எனக்கும் அதே முகதாட்சண்யம்தான்.

இந்த தாட்சண்ய வெள்ளை எங்கிருந்து வருகிறது என்றால், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். நடுவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஜிம்மின் மாஸ்டர். இன்றைக்கு உன் பையனுக்கு நான் சிவப்பு காட்டினால் நாளைக்கு என் பையனுக்கு நீ காட்டுவாய், எதற்கு வம்பு? போட்டி நடத்துபவருக்கு அடுத்த வருஷமும் ஆள் வர வேண்டும், நுழைவுக் கட்டணம் வர வேண்டும். பெற்றோருக்குச் சான்றிதழ் வேண்டும், காலேஜ் சீட்டு, வேலை என்று அதற்கு ஆயிரம் கணக்கு. சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்திருக்கும்போது வரிசையாகச் சிவப்பு எழுந்தால் பார்க்கவும் நன்றாக இருக்காது. உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் உடையார்பாளையத்தில் போய் உடும்பு பிடிப்பானா என்பார்கள். எங்களிடம் உள்ளூரில் பிடித்த ஓணானையே உடும்பு என்று சான்றிதழில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

புதுச்சேரியில் இருக்கும் நண்பன் ஒருவன், அவனும் மாஸ்டர்தான், இதற்கு எதிர்வாதம் வைக்கிறான். முதல் தடவை மேடை ஏறும் பிள்ளை, கால் நடுங்குகிறது, அவனுக்குப் போய் விதிப்புத்தகம் காட்டினால் மறுபடி வருவானா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சிவப்பு வாங்கிக் கொடுத்தது நடுவர் இல்லை, அவன் மாஸ்டர். முதல் போட்டிக்கு ஓபனர் என்பது ஜிம்மில் மூன்று தடவை முழு ஆழத்தில் உட்கார்ந்து எழுகிற எடையாக இருக்க வேண்டும். தூக்கம் கெட்டு, வயிறு கலங்கி, பாத்ரூமுக்கு நாலு தடவை போய் வந்தாலும் எழ வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தால் எந்த நடுவரும் அவன் மனசை உடைக்க முடியாது. நாம் இருபது கிலோ கூட எழுதிவிட்டு, அந்த இருபது கிலோவுக்கு நடுவரின் கருணையை எதிர்பார்க்கிறோம். போட்டி நாளில் மாஸ்டர் செய்யும் வேலையே மொத்தம் ஒன்பது எண் எழுதுவதுதான். தோளில் அடித்து, காதில் கத்தி, அமோனியா முகரக் கொடுப்பதெல்லாம் வீடியோவுக்கு.

பெஞ்சிலும் இதே கதைதான். பார் நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் 'பிரஸ்' என்ற குரல் வரும், அதற்கப்புறம் தூக்க வேண்டும். ஜிம்மில் நெஞ்சில் பந்து மாதிரி அடித்து எழுப்புகிறவன் மேடையில் அந்த ஒரு நொடியில் செத்துப் போகிறான். 2023 முதல் முழங்கையின் அடிப்பக்கம் தோளின் மேல்மட்டம் வரையாவது இறங்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. நான் பார்த்த உள்ளூர்ப் போட்டி எதிலும் இதற்காக ஒரு சிவப்புகூட எழுந்ததில்லை. ஊசி, டப்பா என்று ஊக்கமருந்து விவகாரத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன், அதற்கு இந்தப் பதிவு போதாது.

திருப்பாதிரிப்புலியூரில் என் ஜிம் இருக்கும் இடம் முன்பு அரிசி மண்டி. ஆரம்பித்த புதிதில் தட்டுகளை எல்லாம் ஆட்டோவில் ஏற்றிப் பழைய இரும்புக்கடைத் தராசுக்குக் கொண்டுபோனேன். 20 என்று வார்த்த தட்டு ஒன்று 18.6 காட்டியது, இன்னொன்று 20.9. கடைக்காரர் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து விலை பேச ஆரம்பித்துவிட்டார். இப்போது ஒவ்வொரு தட்டிலும் உண்மையான எடை எனாமல் பெயிண்டில் எழுதியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் பார்த்தாலே முகம் சுருங்கும்.

ரேக்கின் இரண்டு தூணுக்கும் நடுவில் ஒரு மீன்பிடி நரம்பு கட்டியிருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் இருந்து வரும் பொண்ணு ஒருத்தி, 57 கிலோ பிரிவு, அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அதில் ஒரு சின்னச் சலங்கை மணி. ஒவ்வொருவருக்கும் உயரம் வேறு என்பதால் தூணில் பேர் போட்டுக் கோடு கிழித்து வைத்திருக்கிறோம், அவரவர் கோட்டுக்கு நரம்பை இறக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது பின்பக்கம் நரம்பில் பட்டு மணி அடித்தால்தான் அந்தத் தடவை கணக்கு. மணி அடிக்காவிட்டால் நோட்டில் எழுத மாட்டேன். முதல் மாதம் எல்லாருக்கும் எரிச்சல். ஒருவன் பாரோடு உட்கார்ந்த இடத்தில் கையை நீட்டி மணியை ஆட்டிவிட்டு எழுந்தான், அவனுக்கு அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இவ்வளவு பேசுகிற நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. அந்த மண்டபத்தில் 74 கிலோ பிரிவு வந்தபோதே நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். தன் பையனுக்குத் தானே நடுவராக உட்காருவது வெள்ளை காட்டினாலும் தப்பு, சிவப்பு காட்டினாலும் தப்பு. இன்னொன்று, அவன் இரண்டாவது வாய்ப்புக்கு 170 எழுதியது யார்? நான்தான். ஜிம்மில் 165க்கே மணி சில நாள் அடித்தது, சில நாள் அடிக்கவில்லை. தங்கம் கிடைக்கட்டும் என்று எழுதிவிட்டு, எழுதிய கையாலேயே சிவப்பையும் தூக்கியிருக்கிறேன். அவன் அப்பா சரியாகத் திட்டத் தெரிந்தவராக இருந்திருந்தால் இதைக் கேட்டுத்தான் திட்டியிருக்க வேண்டும்.

பையன் இரண்டு வாரம் வரவில்லை. இப்போது மஞ்சக்குப்பம் பக்கம் வேறு ஜிம்முக்குப் போகிறான் என்று கேள்வி. போன வாரம் பைக்கில் எதிரில் வந்தான், தலையை ஆட்டினான், நிற்கவில்லை. இன்ஸ்டாகிராமில் 185 ஸ்குவாட் போட்டிருக்கிறான். கேமரா நேர் எதிரில் இருக்கிறது, ஆழம் தெரியவில்லை.

எனக்கு 40 ஆகிவிட்டதால் இந்த வருஷம் மாஸ்டர்ஸ் ஒன்று பிரிவில் நானே இறங்கலாம் என்று இருக்கிறேன். "இனிமேதான் நெஜமா மாஸ்டர்" என்று ஜிம்மில் கிண்டல்.

இந்த ஞாயிறு தேவனாம்பட்டினத்துப் பொண்ணுக்குப் புதுச்சேரியில் போட்டி. சிங்லெட் என்ற உடம்போடு ஒட்டிய போட்டி உடையைப் போட அவள் அம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் ஆனது, ஓபனருக்கு அவளைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. 100இல் தொடங்க வேண்டும் என்கிறாள். சீட்டில் 92.5 எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். எடைபார்ப்பு காலை ஏழு மணிக்கு. ஐந்தரை பஸ்ஸில் போகிறோம், நேற்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.