குழாயை எடுத்தா பாவமா?

எங்க அத்தா, அதான் அப்பா, மவுத்தாகி (இறந்து) நாலு மாசம் ஆச்சு. போன வாரம் சொந்தத்துல ஒருத்தவங்கள பார்க்க ஆஸ்பத்திரி போனேன், அங்கயும் அதே ஐசியூ, அதே வென்டிலேட்டர், பதினொன்னாவது நாள், வெளிய சேர்ல உக்காந்திருக்கவங்க வாயில அதே பேச்சு. "மெஷின எடுக்கச் சொன்னா நாமளே கொன்ன மாதிரி, நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்றது?" இதக் கேட்டுட்டு வந்ததுல இருந்து சரியா தூக்கமில்ல, அதான் எழுதுறேன். நான் ஆலிமா (மார்க்கம் படிச்சவ) எல்லாம் இல்ல, ஸ்கூல்ல கணக்கு டீச்சர். தப்பிருந்தா ஓதுனவங்க திருத்துங்க.

அத்தாவுக்கு நுரையீரல் ரொம்ப வருஷமாவே மோசம். போன ரமலானுக்கு முன்னாடி ஒரு தடவ தொண்டையில குழாய் போட்டு ஆறு நாள் வச்சிருந்து, பொழச்சு மஹபூப்பாளையம் வீட்டுக்கு வந்தாங்க. வந்த அன்னைக்கு ராத்திரியே என்னைய பக்கத்துல உக்கார வச்சு சொன்னாங்க, "இனிமே அந்தக் குழாய உள்ள விட விடாத தாயி. கலிமா சொல்ல வாய் வேணும்ல." லா இலாஹ இல்லல்லாஹ்ங்குற கலிமாவத்தான் சொன்னாங்க. நான் சரித்தான்னு தலையாட்டினேன். தலையாட்டினதோட சரி.

அடுத்த தடவ மூச்சு முட்டுனப்ப துபாய்ல இருந்து அண்ணன் போன்ல, என்ன செலவானாலும் பரவால்ல எல்லாத்தையும் பண்ணச் சொல்லுன்னாங்க. அத்தா வேணாம்னு சொன்னாங்கண்ணேன்னு சொன்னதுக்கு, "நோயாளி அப்படித்தான் சொல்வாங்க, நீ கையெழுத்து போடு". போட்டேன். 17 நாள். குழாயப் புடுங்கிறக் கூடாதுன்னு ரெண்டு கையையும் துணியால கட்டில்ல கட்டி வச்சிருந்தாங்க, சாயங்காலம் அஞ்சு நிமிஷம்தான் உள்ள விடுவாங்க. அஞ்சாவது நாளே பெரிய டாக்டர் சொல்லிட்டாரு, இனிமே நுரையீரல் தேறாதுன்னு. எங்க யாருக்கும் வாய் வரல. பதினேழாவது நாள் விடியக்காலம் மூணு மணிக்கு போன் வந்துச்சு, போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. காதுல கலிமா சொல்ல ஒருத்தர் இல்ல, ஒரு சொட்டு ஜம்ஜம் தண்ணி வாயில விட ஆளில்ல. உங்கள்ல மவுத்தாகுறவங்களுக்கு லா இலாஹ இல்லல்லாஹ்வ சொல்லிக்குடுங்கன்னு முஸ்லிம் ஷரீஃப்ங்குற கிதாபுல ஹதீஸ் (நபி சொன்னது) இருக்கு, அத ஐசியூ கண்ணாடிக்கு வெளிய நின்னு எப்படி செய்யுறது?

மவுத்து வீட்டுக்கு வந்த ஹஜ்ரத்கிட்ட (மார்க்க அறிஞர்) கடைசியில கேட்டே புட்டேன், அத்தா வேணாம்னு சொன்னத நாங்க கேக்காதது தப்பான்னு. அவங்க நேரா பதில் சொல்லல, புகாரிங்குற ஹதீஸ் கிதாபுல வர்ற ஒரு சம்பவத்த சொன்னாங்க. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் கடைசி நோயில படுத்திருந்தப்ப வீட்டுல உள்ளவங்க வாயோரமா மருந்த ஊத்துனாங்களாம். வேணாம்னு அவங்க சைகை காட்டியும், நோயாளிக்கு மருந்துன்னா புடிக்காதுல்ல, அதான் வேணாங்குறாங்கன்னு நெனச்சு ஊத்திட்டாங்க. தெளிஞ்சதும், நான்தான் வேணாம்னேனே, இந்த வீட்டுல இருக்க எல்லாரு வாயிலயும் என் கண்ணு முன்னாடியே அத ஊத்துங்க, அப்பாஸ தவிர, அவரு அப்ப இங்க இல்லன்னாங்களாம். நபியோட மனைவி ஆயிஷா நாயகி சொன்ன ஹதீஸ். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துருச்சு, ஏன்னா அண்ணன் போன்ல சொன்ன அதே வார்த்த.

ஒன்னு தெளிவா சொல்லிர்றேன், யாரும் கமெண்ட்ல வந்து குதிக்க வேணாம். ஊசி போட்டு முடிச்சு விடுறது ஹராம், அதுல ரெண்டு பேச்சே கெடையாது. "உங்களை நீங்களே கொன்று கொள்ளாதீர்கள்"னு சூரா நிஸா 29ல இருக்கு. காயத்தோட வலி தாங்க முடியாம கத்தி எடுத்து கையை வெட்டிக்கிட்ட ஒருத்தர பத்தி, என் அடியான் அவசரப்பட்டுட்டான்னு அல்லாஹ் சொன்னதா புகாரில இருக்கு. மவுத்த ஆசைப்படக்கூட கூடாது, ரொம்ப முடியலன்னா "ஹயாத்து எனக்கு நல்லதா இருக்குற வரைக்கும் வாழவை, மவுத்து நல்லதா இருந்தா எடுத்துக்கோ"ன்னு கேக்கலாம், அவ்வளவுதான். நம்ம மதுரை விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல்னு கேள்விப்பட்டிருப்பீங்க, படுத்த படுக்கையா கெடக்குற கெழவன் கெழவிய விடியக்காலத்துல தலை நெறைய எண்ணெய் வச்சு குளிப்பாட்டி எளநிய குடிக்க வச்சு அனுப்பி விடுறது. உசிலம்பட்டிக்காரங்க ஒரு டீச்சர் எங்க ஸ்டாஃப் ரூம்ல இதப் பத்தி சொல்லி, "பாக்க ஆளில்லாத வீட்டுல என்னதான் டீச்சர் பண்ணுவாங்க"ன்னு கேட்டாங்க. அந்த வறுமை எனக்குப் புரியுது. ஆனா அது கொலைதான்.

அதுவும் குழாய எடுக்குறதும் ஒன்னா? இங்கதான் நம்ம ஆளுங்க குழப்பிக்கிறாங்க. மருந்து செஞ்சுக்கோங்க, முதுமைய தவிர எல்லா நோய்க்கும் மருந்து இருக்குன்னு ஹதீஸ் உண்டு, சரி. ஆனா வலிப்பு நோய்க்கு துஆ கேட்டு வந்த ஒரு அம்மாவுக்கு, பொறுமையா இருந்தா சொர்க்கம், வேணும்னா குணமாக துஆ செய்றேன்னு ரசூலுல்லா ரெண்டையுமே அந்தம்மா கையிலதான் குடுத்தாங்க. அந்தம்மா பொறுமையத்தான் எடுத்துச்சு. குணமாகும்னு உறுதி இல்லாத வைத்தியம் பர்ளு (கட்டாயக் கடமை) இல்லன்னு நம்ம ஹனஃபி சட்டப்பிரிவு கிதாபுலயே இருக்கு, இன்னொரு பிரிவான ஷாஃபியிலயும் அது சுன்னத்துதான், அதாவது செஞ்சா நல்லது. 1981ல குவைத்துல இஸ்லாமிய மருத்துவ ஒழுக்கம்னு போட்ட சாசனத்துல, உயிர் திரும்பாதுன்னு உறுதியானப்புறம் மெஷின் வச்சு இழுத்துக்கிட்டு கெடக்குறது வீண்னு எழுதியிருக்காங்க, அதே மூச்சுல வேணும்னே உயிர எடுக்குற எதையும் டாக்டர் செய்யக்கூடாதுன்னும் எழுதியிருக்காங்க. மூளைச்சாவுல மெஷின எடுக்கலாம்னு 1986ல ஜோர்டான் நாட்டு அம்மான்ல கூடுன ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டம்) அகாடமி சொல்லிச்சு. அடுத்த வருஷம் மக்கால கூடுன ஆலிம்களும் எடுக்கலாம்தான், ஆனா நெஞ்சுத் துடிப்பு நின்னப்புறம்தான் மவுத்துன்னு கணக்குன்னாங்க. இன்னும் அந்த சண்ட ஓயல. சோறு தண்ணிய நிறுத்துறத பத்தி ஆலிம்கள் ரொம்ப கறாரு, எனக்கும் அதுதான் மனசுக்கு சரின்னு படுது.

வலிக்கு மார்ஃபின் குடுத்தா போதை, ஹராம்னு ஒரு பெரியவர் சொல்லி அவங்க வீட்டு புற்றுநோய்க்காரம்மாவ துடிக்க விட்டத பாத்திருக்கேன். நிர்ப்பந்தத்துக்கு பன்றிக்கறியே ஆகும்னு குர்ஆன்ல இருக்கப்ப வலிக்கு மருந்து ஆகாதா? கொல்ற நிய்யத்து (எண்ணம்) வேற, வலிய கொறைக்கிற நிய்யத்து வேற. 2014ல சட்டத்த திருத்தி மார்ஃபின் கெடைக்கிறத லேசாக்குனாங்க, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பாக்குறாங்க, கோழிக்கோட்டுல 1993லயே இதுக்குன்னு கிளினிக் ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ஜமாஅத்துல மையத்துப் பெட்டி இருக்கு, குளிப்பாட்ட ஆள் இருக்கு, அதுக்கு முந்தின ரெண்டு மாசத்துக்குத்தான் ஒன்னுமில்ல.

சட்டமும் இருக்கு. 2018 மார்ச் 9ல சுப்ரீம் கோர்ட்டு, எனக்கு நெனவு தப்புனா இன்னின்ன வைத்தியம் வேணாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு தீர்ப்பு சொல்லிச்சு. மொதல்ல மாஜிஸ்திரேட்டு கையெழுத்தெல்லாம் கேட்டு இழுவையா இருந்துச்சு, 2023 ஜனவரில ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் போதும்னு ஆக்கிட்டாங்க. அப்புறமும் தனித்தனியா ரெண்டு டாக்டர் குழுக்கள் பாத்து ஒத்துக்கணும், அதனால யாரும் சொத்துக்காக புடுங்கி விட்ருவாங்கன்னு பயப்படாதீங்க. எழுதி வைக்க வேண்டிய விஷயம் இருந்தா வஸிய்யத் (உயில்) எழுதாம ரெண்டு ராத்திரி தூங்காதீங்கன்னு ஹதீஸ் சொல்றது சொத்துக்குத்தான், தெரியும். இருந்தாலும்.

போன ஞாயித்துக்கிழம அம்மாகிட்ட இதப் பேசினேன். கோவிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன், கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு எழுதுன்னாங்க. குழாய் வேணாம், வலிக்கு மருந்து வேணும், வீட்டுல வச்சுக்கணும், ஜம்ஜம் கேன் பீரோவுக்கு அடியில இருக்கு. நோட்டரிகிட்ட அடுத்த வாரம் போறோம், சாட்சிக்கு மாமாவும் பக்கத்து வீட்டு டீச்சரும் வர்றேன்னுட்டாங்க. அண்ணனுக்கு எப்படிம்மா சொல்றதுன்னு கேட்டேன். "இப்பவே போனப் போட்டு ஸ்பீக்கர்ல வையி, நானே சொல்றேன்"னாங்க.