கன்னங்குறிச்சியில வீட்டு மனை சைட்டு பார்க்குறவங்களுக்கு

சேலத்துல எங்க இடம் வாங்கலாம்னு யார் கேட்டாலும், கன்னங்குறிச்சி பேரு வராம இருக்காது. மலைக்காத்து, ஏரி, அஸ்தம்பட்டிக்குக் கிட்ட. எல்லாம் வாஸ்தவம்தான். ஆனா சேலம் வீங்கி வீங்கி வந்து இந்த ஊரு முளைச்ச மாதிரி பேசும்போதுதான் எனக்குச் சுருக்குங்குது. இது மலைத்தண்ணிய நம்பி உட்கார்ந்த வெள்ளாமை ஊருங்க. டவுன் பின்னாடி வந்துச்சு.

சேர்வராயன் மலையில பெய்யுற மழை ஓடை ஓடையா இறங்கி முதல்ல புது ஏரிக்கு வரும். அது ரொம்பி கோடி போனா, அதாவது வழிஞ்சா, அடுத்தது மூக்கனேரி. அங்கயும் மிஞ்சினது டவுனுக்குள்ள இறங்கி, கடைசியா திருமணிமுத்தாத்துல சேரும். ஏரிக்குக் கீழ நெல்லு, மேட்டுல சோளம், குச்சிக்கிழங்கு, கெணத்துல தண்ணி நிக்கிற காட்டுல பூவு (வெள்ளாமை நிலத்தத்தான் நாங்க காடுன்னு சொல்வோம்). எதை எங்க வெக்கணும்னு தண்ணிதான் முடிவு பண்ணுச்சு.

பூவப் பத்தி ஒண்ணு சொல்லணும். சன்னமல்லிய மொட்டாப் பறிச்சாத்தான் காசு, விரிஞ்சா போச்சு. இருட்டோட டார்ச்சு லைட்டக் கட்டிக்கிட்டு, இடுப்புல மடி கட்டிப் பறிச்சு, வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு நேரத்துல கொண்டு சேக்கணும். மார்கழிப் பனியில செடி அதிகமாப் பூக்காது, விலை மட்டும் ஏறும். முகூர்த்தத்துல கையில நாலு காசு நிக்கும், மத்த நாள்ல பறிகூலிக்கே இழுக்கும். அந்த வாழ்க்கைய சொர்க்கம்னு எழுதுறவங்க ஒருநாள் பறிச்சுப் பார்க்கட்டும்.

அதனால காட்ட வித்தவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். கெணறு வத்துச்சு, போர் போட்டுப் போட்டுக் கடனாச்சு, ஆள் கிடைக்கல, பங்காளிங்க பாகம் கேட்டாங்க. ஏக்கர்ல பேசுன விலைய சதுர அடியில பேசுறான்னா யாருதான் விக்க மாட்டாங்க?

என் கோவமெல்லாம் சைட்டு போட்டவங்க மேலதான். கல்லு நட்டு, முப்பதடி ரோடுன்னு சுண்ணாம்புக் கோடு இழுத்தப்போ, நடுவுல ஓடுன ஓடை எங்க போச்சு? அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2017-ல அந்த மாதிரி மனைகளை முறைப்படுத்துற வரன்முறை விதிகள் வந்துச்சு. நீர்நிலை, வாய்க்கால்ல இருக்கிற மனைய வரன்முறைப்படுத்தக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. காயிதம் சரியா இருக்கும். ஆனா மனைக்கு வெளிய விட்ட ஓடை, ரெண்டு பக்கமும் காம்பவுண்டு சுவரு ஏறி ஏறி சாக்கடை அகலத்துக்குச் சுருங்கிடும். அதுக்கு எந்த விதியில பதில் இருக்கு?

பெருமழை பெஞ்சு புது ஏரி கோடி போற வருசம் மூக்கனேரிக்குக் கீழ தெருவுக்குள்ள தண்ணி வரும். உடனே 'ஏரித்தண்ணி வீட்டுக்குள்ள பூந்துருச்சு'ன்னு வீடியோ போடுவாங்க. அந்தத் தண்ணி அதே பாதையிலதான் அன்னைக்கும் போச்சு. அப்போ அங்க நெல்லு நின்னுச்சு, இப்போ பைக்கு நிக்குது.

மூக்கனேரிய 2010-ல சேலம் மக்கள் குழு கையில எடுத்து, தூர்வாரின மண்ணை உள்ளேயே திட்டு திட்டாக் குவிச்சு மரம் வெச்சாங்க. இன்னைக்குப் பறவை வருது, வாக்கிங் போறோம், நல்ல வேலை. ஆனா ஏரிய மட்டும் காப்பாத்திட்டு, அதுக்கு வர்ற, அதுலருந்து போற வாய்க்காலை விட்டுட்டோம்.

விசேஷ வீட்டுல பார்க்கிற மாமா, மச்சானுங்களுக்கு நான் சொல்றது இதுதான். புரோக்கர் காட்டுற லேஅவுட்டோட நிக்காதீங்க. சர்வே நம்பரை வாங்கி அரசோட இ-சேவைத் தளத்துல அ-பதிவேடு (நிலத்தோட வகை சொல்ற பதிவேடு), புல வரைபடம் (நிலத்தோட எல்லை காட்டுற படம்) ரெண்டையும் எடுங்க. நஞ்சையா, புஞ்சையா, பக்கத்துல ஓடைப் புறம்போக்கு ஓடுதான்னு பாருங்க. நஞ்சைன்னு இருந்தா, பேஸ்மட்டம் எவ்வளவு தூக்கணும்னு மேஸ்திரிகிட்ட கேக்குறதுக்கு முன்னாடி, அந்த வயலுக்குத் தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு, எந்தப் பக்கம் வடிஞ்சுச்சுன்னு பக்கத்துக் காட்டுப் பெரியவரைக் கேளுங்க. பக்கத்துல காடு மிச்சமிருந்தா.