மார்க் போட்டும் ஐந்து பேரும் ஏ பிளாக்!

எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத் தேர்தலில் இந்த முறை கை தூக்குவதை விட்டுவிட்டு மார்க் போட்டோம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் 0 முதல் 5 வரை. கூட்டிப் பார்த்து, முதல் ஐந்து பேர் கமிட்டி. முடிவு வந்தபோது ஐந்து பேரும் ஏ பிளாக்! பின்னால் இருக்கும் பி பிளாக்கில் லிப்ட் நின்று இரண்டு மாதமாகிறது. அதைப் பேச அங்கிருந்து ஒருவர்கூட இல்லை.

கோளாறு கூட்டுகிற விதத்தில். ஏ பிளாக்கில் 62 வீடு, பி பிளாக்கில் 38 என்று வைத்துக்கொள்வோம். அவரவர் ஆட்களுக்கு 5, மற்றவர்களுக்கு முட்டை. ஏ ஆட்களுக்குத் தலைக்கு 310, பி ஆட்களுக்கு 190. கதை முடிந்தது.

இதையே ஒவ்வொரு இடமாக எண்ணிப் பாருங்கள். முதல் இடம் ஏ பிளாக்குக்கு. அவருக்கு 5 போட்ட சீட்டுகளின் மதிப்பு அடுத்த சுற்றில் பாதியாகிவிடும். அதுவரை ஜெயித்தவர்களுக்கு அந்தச் சீட்டில் போட்ட மார்க்கோடு 5-ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 5-ஐ வகுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இப்போது ஏ 155, பி 190. இரண்டாவது இடம் பி பிளாக்குக்கு. இப்படியே போனால் 3-2. பந்தியில் வடை விழுந்த இலைக்கு மறுவடை போடுவதற்குள் விழாத இலையைப் பார்க்கிறோமே, அதேதான்.

இது புதுசும் இல்லை. டென்மார்க்கின் வானியலாளர் தீலே 1895-லேயே இந்த மாதிரி யோசனையைச் சொன்னார், மார்க் இல்லாமல் டிக் மட்டும் போடும் சீட்டுக்கு. ஸ்வீடன் 1909 முதல் சில காலம் அதைப் பயன்படுத்தியது. மார்க் போடும் வகையை ஆஸ்கரில் விஷுவல் எஃபெக்ட்ஸ் நாமினேஷனுக்கு 2013-லிருந்து சில வருடங்கள் வைத்திருந்தார்கள். நம் மாநிலங்களவைத் தேர்தலின் நோக்கமும் இதுதான், வழி வேறு. அங்கே 1, 2, 3 என்று வரிசை போடுகிறார்கள். தமிழகத்தில் ஆறு இடம் என்றால் 34 எம்.எல்.ஏ. ஓட்டு இருக்கும் கட்சிக்கு ஒரு இடம் உறுதி.

இந்த மார்க் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. 'அவர் எப்படியும் ஜெயிப்பார்' என்று வேண்டியவருக்கே முட்டை போட்டு, சீட்டின் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் அப்படியே நினைத்தால் அவர் தோற்றுப்போவார்! அந்த ரிஸ்க்கை நான் ஏற்கத் தயார், ஐந்துக்கு ஐந்தை என்னால் ஏற்க முடியாது.

செயலாளரிடம் சொன்னேன். "சரி சார், கால்குலேட்டர் யார் தட்டுறது?" என்றார். நான்தான் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில். பி பிளாக்காரர்கள் படியேறித்தான் வர வேண்டும்.